மிச்சம் எவ்வளவு என்பதோடு, எதிலிருந்து மிச்சம் என்றும் கேளுங்கள்: இலங்கைப் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் கொழும்பில் தனியார் நிறுவனங்களின் கொள்வனவுப் பிரிவுகளில் கணக்குப் பார்த்தே காலம் கழித்தவன். படையில் இருந்தவன் இல்லை, ஆயுதங்களைப் பற்றிய நிபுணனும் இல்லை. ஆனால் ஒரு பொருளை மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து வாங்கினால் இத்தனை வீதம் மிச்சம் என்று எழுதிய தாள்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் எது உண்மையான மிச்சம், எது தாளில் மட்டும் இருக்கிற மிச்சம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதனால்தான், படைகளுக்கான பொருட்களைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வாங்கும் ஒப்பந்தங்களைப் பற்றி இதை எழுதுகிறேன்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 442 பில்லியன் ரூபாய். அதில் பெரும்பங்கு சம்பளம், சாப்பாடு, சீருடை, எரிபொருள் என்று மீண்டெழும் செலவாகவே போய்விடுகிறது. மறுபக்கம், இராணுவத்தின் ஆள்பலத்தை 2030 இல் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. ஆட்கள் குறையும்போது இயந்திரம் கேட்பார்கள். ரேடார், ட்ரோன், ரோந்துக் கப்பல், பழைய விமானங்களுக்குப் புதிய பாகங்கள் எல்லாம் பட்டியலில் வரும். அப்போது ஒரு அமைச்சரவைப் பத்திரத்தில், ஆண்டுதோறும் தனித்தனியாக வாங்குவதை விட ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால் இவ்வளவு டாலர் மிச்சம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரியை நீங்கள் எப்படிப் படிக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆயுதம் என்ற சொல்லே தமிழ் வீடுகளில் வேறு நினைவுகளைக் கிளப்பும், என் வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பேச்சுக்கு வேறு இடம் உண்டு. இங்கே நான் கேட்பது வரி கட்டுகிற ஒருவன் கேட்கிற கேள்வி. வெள்ளம் வந்தால் கூரையில் ஏறி நிற்கிறவர்களைத் தூக்கி வர ஹெலிகாப்டர் வேண்டும், கடலில் தவித்த மீனவரைத் தேடிப் போகப் படகு வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாங்குகிற விதம்தான் என் விஷயம்.

இந்தப் பல்லாண்டு ஒப்பந்தத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே பொதுவான நடைமுறை ஒவ்வொரு ஆண்டுக்கும் பணம் ஒதுக்கி ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒப்பந்தம் போடுவது. 1982 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தோடு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்து ஒப்பந்தம் போடலாம் என்று வழி திறந்தார்கள். தேவை மாறக்கூடாது, வடிவமைப்பு முதிர்ந்திருக்க வேண்டும், பணம் தொடர்ந்து வரும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும், செலவு மதிப்பீடு நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும், மிச்சம் கணிசமாக இருக்க வேண்டும். பெரிய திட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் காங்கிரஸ் தனியாகச் சம்மதம் தரவேண்டும். ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் அரசாங்கம் கட்ட வேண்டிய தொகையையும் முன்கூட்டியே எழுதி வைப்பார்கள்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் அங்கே தெளிவு. ஐந்து வருஷத்துக்கு வேலை உறுதி என்று தெரிந்தால் தொழிற்சாலைக்காரர் ஆட்களை எடுப்பதும் நிறுத்துவதுமாக இல்லாமல் ஒரே சீராக வேலையை ஓட்டலாம், ஒரே கைகள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் நேரம் குறையும். அப்புறம், உருக்கு, இயந்திரம், மின்னணுப் பாகங்கள் என்று செய்து முடிக்க நீண்ட காலம் பிடிக்கிறவற்றை ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கலாம். 2014 ஏப்ரலில் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகள் 10 ஐ ஒரே ஒப்பந்தத்தில் 17.6 பில்லியன் டாலருக்கு வாங்கியபோது, ஒன்பதின் விலைக்குப் பத்து கிடைக்கிறது என்றுதான் சொன்னார்கள். கப்பல் கட்டும் தளமும் சொந்த நாட்டில், தொழிலாளியும் சொந்த நாட்டில், எண்ணிக்கையும் பெரிது. அந்தக் கப்பல்கள் பலவும் குறித்த காலத்தைத் தாண்டித்தான் வந்தன என்பது வேறு கதை. ஆனாலும் மிச்சம் பிறப்பதற்கு அங்கே ஒரு அடிப்படை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

இப்போது எங்கள் நிலைமைக்கு வாருங்கள். நாங்கள் வாங்குவது இரண்டு கப்பல், நான்கு விமானம், ஐந்து விமானத்துக்கு மேம்படுத்தல் வேலை. எங்களுடைய கட்டளைக்காக எந்த வெளிநாட்டுத் தொழிற்சாலையும் தன் உற்பத்தி வரிசையை மாற்றப் போவதில்லை, ஒரு ஆளைக் கூடக் கூடுதலாக எடுக்கப் போவதில்லை. அப்படியானால் ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கையெழுத்து வைத்தால் 10 வீதம் குறையும் என்று விற்கிறவர் சொல்லும்போது, அந்த 10 வீதம் எந்தச் செலவு குறைந்ததால் வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். அவருக்கு எந்தச் செலவும் குறையவில்லை என்றால் அது முதலில் ஏற்றி வைத்துப் பிறகு இறக்கிய விலை.

இதை நான் கண்ணால் பார்த்தது தேயிலை ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில். தேயிலைப் பைக்கற்றுகளை அடுக்கும் அட்டைப்பெட்டிக்கு விலை கேட்டிருந்தோம். ஒரே வழங்குநர், ஒரே நாள், ஒரே கடிதத் தலைப்பில் இரண்டு தாள் அனுப்பினார். ஒரு வருஷத்துக்கு என்றால் பெட்டி 118 ரூபாய், மூன்று வருஷத்துக்கு என்றால் 104. ஏறக்குறைய 12 வீதம் மிச்சம் என்று முகாமைக்குப் போகும் தாளில் எழுதியும் ஆயிற்று. களஞ்சியத்தில் இருந்த அக்கா ஒன்றும் பேசாமல் போன வருஷத்துப் பொருள் பெற்ற பற்றுச்சீட்டுக் கோப்பை எடுத்து வந்து என் மேசையில் விரித்தார். அதே பெட்டி, அதே அளவு, அதே வழங்குநர், 106 ரூபாய். ஆக உண்மையான மிச்சம் 14 ரூபாய் இல்லை, 2 ரூபாய். அந்த 118 ரூபாய்க்கு யாரும் எப்போதும் ஒரு பெட்டி கூட வாங்கியது இல்லை, வாங்கப் போவதும் இல்லை. மூன்று வருஷ விலையை அழகாகக் காட்டுவதற்காகவே அந்தத் தாள் பிறந்தது. அதோடு மூன்று வருஷ ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், உலகச் சந்தையில் கடதாசி விலை ஏறினால் பெட்டி விலையும் ஏறும் என்று ஒரு வாசகம் இருந்தது. இறங்கினால் என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அட்டைப்பெட்டியில் போன வருஷத்துப் பற்றுச்சீட்டாவது இருந்தது. ரேடாருக்கும் ஏவுகணைக்கும் போன வருஷத்துப் பற்றுச்சீட்டு எங்கே இருக்கிறது? பல நேரங்களில் நாங்கள் முதல் தடவையாக வாங்குகிறோம், விற்கிறவர் ஒருவர்தான், விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு விலை கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு வாங்கினால் என்ன விலை என்கிற எண்ணும் அவர் கொடுத்ததுதான், சேர்த்து வாங்கினால் என்ன விலை என்கிற எண்ணும் அவர் கொடுத்ததுதான். இரண்டையும் கழித்து வருகிற எண்ணை நாங்கள் மிச்சம் என்று எழுதி அமைச்சரவைக்கு அனுப்புகிறோம்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அமைப்பான அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2008 இல் இந்தப் பல்லாண்டு ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தது. சி-17 சரக்கு விமானம், எஃப்/ஏ-18 போர் விமானம், அப்பாச்சி லோங்போ ஹெலிகாப்டர் ஆகிய மூன்றையும் ஆழமாகப் பார்த்ததில், மூன்றிலுமே ஒரு அலகின் செலவு ஆரம்பத்தில் மதிப்பிட்டதை விட 10 முதல் 30 வீதம் வரை கூடியிருந்தது. கூலி ஏறியது, பொருள் விலை ஏறியது, தேவைகளை மாற்றினார்கள், ஒதுக்கிய பணம் மாறியது. இவற்றை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. ஒப்பந்தம் முடிந்த பிறகு, சொன்ன மிச்சம் வந்ததா என்று பாதுகாப்புத் திணைக்களம் திரும்பிப் போய்ப் பார்க்கும் ஒழுங்கே வைத்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கான கணக்காளர்கள் உள்ள பென்டகனிலேயே இந்த நிலை.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2006 இல் எஃப்-22 போர் விமானங்கள் 60 ஐ மூன்று ஆண்டுக்குச் சேர்த்து வாங்கலாமா என்ற கேள்வி வந்தது. பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனம் என்ற அமைப்பிடம் மிச்சத்தை மதிப்பிடச் சொன்னார்கள். 20 கோடி டாலருக்குச் சற்று மேல் மிச்சம் என்று அவர்கள் சொன்னார்கள். மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் அது 3 வீதம் கூட வராது. பிறகுதான் தெரிந்தது, அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற அட்மிரல் டெனிஸ் பிளேயர், எஃப்-22 க்குப் பாகம் வழங்கும் ஒரு கம்பனியின் பணிப்பாளர் சபையிலும் இருந்திருக்கிறார். அவர் பதவி விலகினார். மதிப்பீட்டின் முடிவில் அவர் செல்வாக்குச் செலுத்தவில்லை, ஆனால் நலன் முரண்பாடு பற்றிய நிறுவனத்தின் விதிகளை மீறினார் என்று விசாரணை முடிந்தது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. அமெரிக்காவில் பத்திரிகைக்காரர் தோண்டினார்கள், செனட்டர்கள் கேட்டார்கள், விசாரணை நடந்தது, அறிக்கை வெளியே வந்தது. இங்கே ஒரு மிச்சக் கணக்கை யார் போட்டார், அவருக்கும் விற்கிறவருக்கும் என்ன உறவு என்று நான் கேட்டால் யார் பதில் சொல்வார்?

2006 இல்தான் நாமும் உக்ரேனிலிருந்து மிக்-27 போர் விமானங்கள் வாங்கினோம். அந்தக் கொடுக்கல்வாங்கல் பற்றி எழுதிய பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் கொழும்புக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அந்தக் கொள்வனவு பற்றிய விசாரணை வருஷக்கணக்காக இழுபட்டது. ஆயுதக் கொள்வனவில் கேள்வி கேட்பது இந்த நாட்டில் எவ்வளவு பாரமான வேலை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் நாட்டுக்கே உரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2021 இல் எங்கள் கிஃபிர் போர் விமானங்கள் ஐந்தை மேம்படுத்த இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றுடன் ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தோம். அடுத்த வருஷம், 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் மே மாதத்துக்குள் 350 ஐத் தாண்டியது. பெற்றோல் வரிசையில் நின்றவர்கள், மருந்துக்கடையில் வெறும் கையோடு திரும்பியவர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் எங்கள் கையில் பெரிய ஐந்தாண்டு ஆயுத ஒப்பந்தம் ஒன்று டாலரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு உதாரணத்துக்கு, ஆண்டுக்கு ஆண்டு வாங்கினால் 10 கோடி டாலர், ஐந்தாண்டுக்குச் சேர்த்தால் 9 கோடியே 20 இலட்சம் என்று வைப்போம். மிச்சம் 80 இலட்சம் டாலர், டாலர் 200 ரூபாய் என்றால் 160 கோடி ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. முதல் வருஷத் தவணையைக் கட்டிய பிறகு டாலர் 350 ஆகிவிட்டால், மீதி நான்கு தவணைக்கு மட்டும் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதலாகத் தேட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வாங்கியிருந்தாலும் டாலர் ஏறித்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அப்போது இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று நிறுத்த முடியும். பல்லாண்டு ஒப்பந்தத்தில் நிறுத்தினால் முறிப்புத் தொகை கட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த 80 இலட்சம் டாலர், நிறுத்தும் உரிமையை நாம் விற்ற விலை. அந்த உரிமை 80 இலட்சத்துக்குத் தகுமா, இல்லை அதைப் போலப் பல மடங்குக்குத் தகுமா என்று கையெழுத்துக்கு முன்னால் யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். டாலர் சம்பாதிக்கச் சுற்றுலாவையும் தேயிலையையும் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் காசையும் நம்பியிருக்கிற நாட்டுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

முற்பணமும் அப்படித்தான். சேர்த்து வாங்கும்போது பாகங்களை முன்கூட்டி வாங்குவதற்கென்று பெரிய தொகையை முதலிலேயே கேட்பார்கள். அந்தப் பணம் திறைசேரி வட்டிக்கு எடுக்கிற பணம். 2022 இன் கடைசியில் திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்கு எடுக்கும் கடனின் வட்டி 30 வீதத்தைத் தாண்டி நின்றது. இன்று அவ்வளவு இல்லை, இருந்தாலும் நான்கு வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் பாகத்துக்கு இன்று கொடுத்த காசின் வட்டியைக் கழிக்காமல் மிச்சம் என்று எழுதினால் அந்தக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். நீங்களும் ஏற்கக்கூடாது.

இவ்வளவும் சொன்னதால் பல்லாண்டு ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். அது நன்றாக வேலை செய்யக்கூடிய இடங்கள் எங்களிடம் இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சப்பாத்து, சீருடைத் துணி, உலர் உணவு, கூடாரம், படுக்கை. இவை ரூபாயில் வாங்குபவை, உள்நாட்டில் செய்பவை, தேவை எவ்வளவு என்று ஓரளவுக்கு முன்கூட்டியே தெரிந்தவை, போன வருஷத்து விலையும் கையில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு வேலை உறுதி என்றால் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலைக்காரர் வங்கியில் கடன் எடுத்து ஒரு இயந்திரம் கூடப் போடுவார், ஆட்களை நிறுத்தாமல் வைத்திருப்பார். இங்கேதான் மிச்சம் பிறக்கும். ஆனால் இங்கேயும் ஒரு கவனம் வேண்டும். ஆள்பலம் குறைந்துகொண்டு போகிற படைக்கு இன்றைய எண்ணிக்கையில் ஐந்து வருஷத்துக்குச் சப்பாத்து வாங்கக்கூடாது, ஆண்டுக்கு ஆண்டு குறைகிற எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வெலிசறையில் கடற்படை தானே சிறிய ரோந்துப் படகுகளைக் கட்டுகிறது. அதற்கு வேண்டிய கண்ணாடி இழை, பிசின், வெளியிணைப்பு இயந்திரம் ஆகியவற்றை வரிசையாகக் கட்டப்போகும் படகுகளுக்குச் சேர்த்து வாங்கினால் உண்மையாகவே விலை குறையலாம். முதலில் அப்படிப்பட்ட இடத்தில் செய்து, சொன்ன மிச்சம் வந்ததா என்று அளந்து பார்த்துவிட்டு, பிறகு விமானத்துக்கும் ரேடாருக்கும் போகலாம்.

இரகசியம் என்று சொல்வார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவில் தேசிய பாதுகாப்புக்கு விலக்கு இருக்கிறது, தெரியும். பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவலைக் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவில் இருப்பதும் தெரியும். ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும், எங்கே வைக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த விலையோடு ஒப்பிட்டு மிச்சம் என்று எழுதினீர்கள், அந்த விலையை எழுதியது யார், ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு எந்த எதிரி என்ன செய்யப் போகிறான்? அப்படியும் பொதுவில் சொல்ல முடியாது என்றால், கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் குழுவுக்காவது சொல்லட்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இவைதான். பல்லாண்டு ஆயுத ஒப்பந்தம் எதுவும் வந்தால், விற்கிறவர் கொடுத்த ஒப்பீட்டு விலையை ஏற்காமல், விற்கிறவரோடும் படையோடும் சம்பந்தம் இல்லாத ஒருவர் தனியாகப் போட்ட மதிப்பீட்டைக் கேளுங்கள். வேறு நாடுகள் அதே பொருளுக்குக் கொடுத்த விலைகள் பலவும் வெளியே கிடைக்கும், அவற்றைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மதிப்பீடு செய்கிறவர் தன் சொத்து, பதவி, உறவு பற்றி எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். முறிப்புத் தொகையை ஒவ்வொரு ஆண்டுக்கும் தனியாக எழுதி, அரசாங்கம் கட்ட நேரக்கூடிய கடப்பாடாகத் திறைசேரிக் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாராளுமன்றம் இந்த வருஷம் கைதூக்கியது ஒரு வருஷத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்க, அடுத்த நான்கு வருஷத்துக்கான பணமும் சத்தமில்லாமல் போயிருக்கும். டாலர் 50 ரூபாய் ஏறினால் என்ன, 150 ரூபாய் ஏறினால் என்ன என்று கணக்கிட்ட தாள் ஒன்றும் கோப்பில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது பின்னால் திரும்பிப் பார்ப்பது. கையெழுத்து வைத்த நாளில் சொன்ன மிச்சத்தை ஒவ்வொரு வருஷ முடிவிலும் உண்மையாகக் கட்டிய தொகையோடு ஒப்பிட்டு, பாதுகாப்பு அமைச்சின் செயலாளர் உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் கணக்காய்வாளர் தலைமையதிபதிக்குப் போதிய அதிகாரம் கொடுத்திருக்கிறது. விலை ஏற்ற வாசகத்தின் பேரில் எவ்வளவு கூடுதலாகப் போனது, தேவையை மாற்றியதால் எவ்வளவு போனது, தாமதத்துக்கு விற்கிறவரிடம் தண்டம் அறவிட்டார்களா என்று அவருடைய ஆட்கள் போய்ப் பார்க்கட்டும்.

அடுத்த ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வரும்போது பாதுகாப்பு அமைச்சின் அதிகாரிகளை நீங்கள் அழைப்பீர்கள். இப்போது நடைமுறையில் இருக்கிற, ஒரு வருஷத்துக்கு மேல் நீளும் கொள்வனவு ஒப்பந்தங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் டாலரில் இன்னும் கட்ட வேண்டியது எவ்வளவு, இன்றே முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தத் தாளில் வெளியிடக்கூடிய பகுதியைத் தமிழிலும் சிங்களத்திலும் பாராளுமன்ற இணையத்தளத்தில் போடுங்கள். நாங்கள் படிப்போம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு கொள்வனவுக் கணக்காளர்